நவம்பருக்குள் ஒரு வண்டி

பெல்கோலா, சாலோ சாலை
செப்டம்பர் 29, 1996

ரெய்னோ,

ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு முதல் கடிதத்திலேயே உதவி கேட்கிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் முகவரியைத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும் பட்டியலிலிருந்து எடுத்தேன். அரிசோனாவில் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருக்கிறாய் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓனிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மார்ச்சிலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஹான்காக்குக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்குகிறது. இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்குகிறது. மூன்றாவது நாளைப் பற்றிக் கேட்டேன், டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

இதுவரை முதியோர் சங்கத்து வேனில் ஆர்வோதான் கூட்டிப்போனார். அவர் கூரையைச் சரிபண்ண ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வேறு டிரைவர் கிடைக்கவில்லை. இப்போதைக்கு யார் யாரோ மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். நவம்பர் பதினைந்துக்குப் பிறகு வேன் இல்லை என்று காகிதம் வந்துவிட்டது. எங்களிடம் இருப்பது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் அந்தப் பழைய பிக்கப். அதை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு மைல் பனியில் போக எனக்குத் தைரியம் இல்லை. சாலோ மேட்டிலேயே நின்றுவிடும்.

ஹான்காக்கில் ஓர் அறை எடுத்துவிடலாம் என்றேன். "இந்த வீட்டை விட்டு நான் ஒரே ஒரு தடவைதான் போவேன், அன்னிக்கு நடந்து போக மாட்டேன்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். புதியதற்கு வழியில்லை. எதைப் பார்த்து வாங்குவது, எங்கே குனிந்து பார்ப்பது, எதைக் கேட்பது? எனக்குத் தெரிந்தவர்களில் இதைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

போன் செய்யாதே. போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அவர் நாள் முழுக்க அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் காது ஒன்றுதான் அவருக்கு இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஹில்மா


டூசான்
அக்டோபர் 8, 1996

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று தோன்றியது. பிரித்துப் பார்த்தால் இன்னும் யாரும் சாகவில்லை.

உன் புருஷனுக்கு நான் எதற்காக வண்டி பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விற்ற அந்த நாலு சக்கரமும் இழுக்கும் வேகன் கார் எட்டே மாதத்தில் கியர்ப் பெட்டி எரிந்து நின்றது என்று அந்த மனுஷன் ஊர் முழுக்கச் சொன்னார். சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு வீட்டுச் சவுனாவிலும் நீராவியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, "சொந்த மச்சானுக்கே குப்பையை வித்தவன்டா அவன்" என்றார். நம் ஊரில் சவுனாவில் சொன்னதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அடுத்த வசந்தத்துக்குள் என் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வண்டி இல்லை. அந்த வேகனை என் கையால் பிரித்து என் கையால் பூட்டினேன். அது எப்படி எரிந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. நீ அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அடிப்பாகம். பனியைக் கரைக்க உங்கள் ஊர் சாலையில் கொட்டுகிற உப்பு எஞ்சினுக்கு முன்னால் வண்டியின் உடம்பைத் தின்றுவிடும். மேலே பளபளப்பைப் பார்க்காதே. பழைய கம்பளியைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் படு. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டை, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மடிப்பு, இரண்டையும் குத்திப் பார். டங் என்றால் நல்லது. சத்தமே வராமல் உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடு.

இரண்டாவது, காய்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடி. யாரோ பிரேக்கை விட்டு விட்டு அழுத்துகிற மாதிரி வண்டி திணறினால் நடுக் கியர்ப் பெட்டி போய்க்கொண்டிருக்கிறது. வேண்டாம்.

பார்த்ததை எழுது. விற்பவன் சொன்னதை எழுதாதே.

ரெய்னோ


பெல்கோலா
அக்டோபர் 15, 1996

ரெய்னோ,

திட்டினாலும் பதில் போட்டாயே.

லேக் லிண்டனில் ஒரு பச்சை வேகன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடையது, தொண்ணூறாம் வருஷத்து மாடல். உள்ளே காப்பிக் கறை கூட இல்லை. கேட்ட விலையும் அதிகமில்லை. அடியில் கறுப்பாகத் தார் மாதிரி புதிதாக அடித்து வைத்திருக்கிறார். "துருவே வராது அம்மா" என்றார். ஓனியும் கூட வந்திருந்தார். காரில் ஏறாமலே, "பச்சை வேணாம். பச்சை வண்டி வெச்சிருந்த ரெண்டு பேரை எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் இப்ப இல்ல" என்றார். வாத்தியாருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப்போக மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். வேறு ஒருவர் அதைப் பார்க்க வருகிறாராம், சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

அன்று பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். பேசவில்லைதான். புருஷன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். யாரைப் பொய்யன் என்று சொல்லியிருப்பேன்? எதுவும் சொல்லாமல் இருந்தால் இரண்டு பேரும் என்னோடு இருப்பீர்கள் என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

ஹில்மா


டூசான்
அக்டோபர் 20, 1996

அக்கா,

பச்சை வண்டி வேண்டாம். உன் புருஷன் சொன்ன காரணத்துக்காக அல்ல.

துரு பிடிக்காமல் இருக்கச் செப்டம்பரில் எண்ணெய் அடிப்பது வேறு, விற்பதற்கு முந்தின வாரம் தார் அடிப்பது வேறு. வருஷா வருஷம் எண்ணெய் அடித்தவன் வண்டியின் அடி அழுக்காக, பிசுபிசுப்பாக இருக்கும். தொட்டால் கை நாறும். அதுதான் நல்ல வண்டி. புதுக் கறுப்பு என்றால் கீழே எதையோ மூடியிருக்கிறார்கள். ஏற்கெனவே போய்க் குத்திப் பார்த்திருப்பாய். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே துரு என்றாலே என்னவென்று தெரியாது. என் முதலாளியின் மனைவியுடைய வெள்ளை வேகன் விலைக்கு வருகிறது. அடிப்பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி இருக்கிறது, நானே ஜாக்கி போட்டுப் பார்த்தேன். நீ சரி என்று சொன்னால் லீவு போட்டுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். நாலு நாள் பயணம். வாசலில் விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன். வீட்டுக்குள்ளே வர மாட்டேன் என்று அவரிடம் சொல்.

ரெய்னோ


பெல்கோலா
அக்டோபர் 27, 1996

ரெய்னோ,

ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரமான பிஸ்கட் மாதிரி துகள் என் முகத்தில் கொட்டியது. வாத்தியார், "அய்யோ, எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாமலும் இருக்கலாம்.

உன் வெள்ளை வண்டியைப் பற்றி ஓனியிடம் சொல்லத்தான் போனேன். உன் பேரைச் சொன்னதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அவன் கொண்டு வர்ற வண்டில ஏறுறதுக்குப் பதிலா நான் ஹான்காக்குக்குத் தவழ்ந்தே போவேன்." "ஒரு மைல் கூட தவழ மாட்டீங்க" என்றேன். "அப்ப வழியிலேயே முடியட்டும்" என்றார். இவ்வளவு நாள் நான் யாரிடம் கேட்டுக் கேட்டு வண்டி பார்க்கிறேன் என்பதும் தெரிந்துபோயிற்று. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. என்னை மன்னித்துக்கொள், உன்னை வரச் சொல்ல முடியாது.

இந்த வாரம் வேறொன்று பார்த்தேன். உயரமான ஜீப் மாதிரி. கியர் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கிறது, அதைத் தள்ளினால்தான் நாலு சக்கரமும் இழுக்குமாம். ஓனியால் அதில் ஏற முடியவில்லை. இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டேன்.

நேற்று முதல் பனி விழுந்தது. கணுக்கால் அளவு. கால் வீக்கத்துக்கு அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் சவுனாதான், வியர்வையில் தண்ணீர் கொஞ்சம் போகும் என்கிறார். ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் தண்ணீர்தான் குடிக்கலாம், அதில் இரண்டு காப்பிக்கே போய்விடுகிறது. உப்பு தொடக் கூடாது. அவருக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது, ஊர் முழுக்க அதைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டயரைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லையே. வாங்குகிற வண்டியில் டயர் தேய்ந்திருந்தால் பனிக்கால டயர் முன்னால் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் போதும்தானே? உன்னிடம் வாங்கின வேகனுக்கும் ஓனி அப்படித்தான் போட்டார். பின்னால் இருந்தது இன்னும் ஒரு சீசன் ஓடும் என்று அப்படியே விட்டார்.

ஹில்மா


டூசான்
நவம்பர் 1, 1996

ஹில்மா,

அந்தக் கடைசி வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

முன்னால் இரண்டு புதுசு. பின்னால் இரண்டு தேய்ந்தது.

கேள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னால் உள்ளதற்கும் பின்னால் உள்ளதற்கும் நடுவில் அந்தக் கியர்ப் பெட்டி உட்கார்ந்து சமாதானம் பேசிக்கொண்டே இருக்கும். புது டயர் கொஞ்சம் பெரிசு, தேய்ந்த டயர் கொஞ்சம் சிறுசு. விரற்கடை அளவு வித்தியாசம்தான். ஆனால் சிறுசு அதிகம் சுற்ற வேண்டும், பெரிசு குறைவாகச் சுற்ற வேண்டும், அதைச் சமாளிக்க அந்தப் பெட்டி நேர் சாலையிலும் ஓய்வில்லாமல் அரைபடும். சூடாகும். ஐந்தாறு மாதத்தில் எரிந்துவிடும். ஓனி அந்த டயரை எந்த மாதம் போட்டார் என்று கேட்டுச் சொல். வேண்டாம், கேட்காதே. எனக்கே தெரியும்.

அப்பா காலத்திலிருந்து நம்ம ஊரில் அப்படித்தான். இழுக்கிற சக்கரத்துக்குப் புதுசு, மற்றதுக்கு இருக்கிறது, ஒரு நல்ல டயரைத் தூக்கிப் போட்டவனைத் தேவாலயத்தில் ஊதாரி என்பார்கள். விற்கும்போது நாலும் ஒன்றாக மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லையா? சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆறு வருஷமாக அந்தப் பெட்டியை மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன் ஹில்மா. எந்தத் திருகை விட்டேன், எந்த பேரிங்கைப் பார்க்கவில்லை என்று. என் ஒர்க்‌ஷாப் போனது, மார்ஜா இந்த வெயிலில் இருக்க மாட்டேன் என்று கட்டின புருஷனை விட்டுப் போனாள், எல்லாம் இரண்டு டயரை மிச்சம் பிடிக்கப் போய்.

அவரிடம் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

ரெய்னோ


பெல்கோலா
நவம்பர் 8, 1996

ரெய்னோ,

படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை.

காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "பின்னால ரெண்டும் நல்லா இருந்துச்சு. டயர்ல பட்டன் பாதிக்கு மேல தேயாம இருந்துச்சு. தூக்கிப் போட்டிருந்தா வீணாப் போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். நான் சத்தம் போட்டேன். "ஒரு மனுஷனை ஊரை விட்டே தொரத்திட்டீங்க, அதுக்கு இதுவா பதில்?" என்று கேட்டேன். "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்ட ஆளோடு சண்டை போட்டுவிட்டு நான் கொட்டகைக்குப் போய் அழுதேன்.

உனக்காக அன்றைக்கே இப்படி ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும்.

வண்டி கிடைத்துவிட்டது. கெர்ட்டுவை நினைவிருக்கிறதா, தபால் ஆபீஸில் இருந்தவள்? போன வசந்தத்தில் அவள் புருஷன் போய்விட்டார். அவருடைய சாம்பல் நிற வேகன், தொண்ணூற்றிரண்டு மாடல். அடியில் படுத்தேன். ஒரே அழுக்கு, எண்ணெய், கை நாறியது. குத்தின இடமெல்லாம் டங் என்றது. காய்ந்த இடத்தில் வட்டம் அடித்தேன், திணறாமல் சுற்றியது. டயர் நாலும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கினது, ரசீது இருக்கிறது. நூலைச் சுற்றி அளந்தேன், நாலும் ஒரே அளவு. நீ சொல்லாமலே.

ஓனி வழக்கம் போலக் குற்றம் கண்டுபிடித்தார். நாய் நாற்றம் அடிக்கிறதாம். செத்தவன் வண்டியாம். சீட்டு சாயவில்லையாம், ஹீட்டர் முனகுகிறதாம். "வேற பாக்கலாம், என்ன அவசரம்" என்றார். ஒரு வாரத்தில் வேன் நிற்கப்போகிறது, என்ன அவசரமாம்! முதல் தடவையாக அவரைக் கேட்காமல் நானே பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். வீடு வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹில்மா


டூசான்
நவம்பர் 14, 1996

அக்கா,

நல்ல வண்டி. வாங்கினது சரி.

அவர் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்து ஐந்து நாள் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றி மட்டும். நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி கிளம்பும், மேடு ஏறும். நிற்காது. நிறுத்துவது டயரும் உன் காலும்தான். சுலபமாகப் போகிறதே என்று வேகம் பிடிக்கிறவர்கள்தான் ஜனவரியில் பள்ளத்தில் கிடப்பார்கள். பிக்கப்பில் போடுகிற மாதிரி பின்னால் மணல் மூட்டை போடாதே, தேவையில்லை. ஆன்டெனாவில் ஆரஞ்சுக் கொடியைக் கட்டு, சந்திப்பில் பனிச்சுவருக்கு மேலே அதுதான் தெரியும். ஒரு டயர் போனால் நாலையும் மாற்று. கிளம்பும் முன் புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ரெய்னோ


பெல்கோலா
டிசம்பர் 22, 1996

ரெய்னோ,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எழுத நேரம் இருந்தால்தானே. காலையில் நாலரைக்கு எழுந்து வாசல் பனியைத் தள்ளி, வண்டியைச் சூடாக்கி, அவருக்கு பூட்ஸ் மாட்டி, ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்கு மெஷின். மத்தியானம் திரும்பி வந்தால் மறுபடி பனி தள்ளல்.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாள் கூட நிற்கவில்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை இரண்டடி விழுந்தது, பள்ளிக்கூடம் மூடினார்கள், பனி தள்ளும் வண்டியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். அதன் டிரைவர் வெளியே நின்று, "எங்கம்மா போறீங்க இந்தப் பனியில? பைத்தியமா?" என்று கத்தினார். "ஆஸ்பத்திரிக்கு!" என்று நானும் கத்தினேன். ஹான்காக்கில் அன்று மெஷினுக்கு வந்தது ஓனி ஒருவர்தான். நர்ஸுகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓனி சிரிக்கவில்லை.

அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்வேன். கையில் ஊசி ஏறுகிற நரம்பு அடைத்துக்கொண்டு இரண்டு தடவை அறுத்துச் சரிபண்ணினார்கள். மெஷினில் இருக்கும்போது கெண்டைக்கால் முறுக்கிக் கத்துகிறார். திரும்பும்போது வாந்தி. அதற்கென்று ஒரு வாளி பின் சீட்டில் இருக்கிறது. மறுநாள் முழுக்கத் தூக்கம். அதற்கடுத்த நாள் மறுபடி நாலரை மணி. நிசு ரொட்டி சுட்டேன், ஏலக்காய் வாசனைக்கே எழுந்து வருகிற மனுஷன், ஒரு துண்டைப் பிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் சமையலறை ஜன்னலில் நின்று சாலையைப் பார்க்கிறார். "இன்னிக்குப் போக முடியாதுன்னு நினைக்கிறேன்" என்கிறார். "இந்த வண்டி போகும்" என்கிறேன். போகிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஹில்மா


டூசான்
ஜனவரி 3, 1997

அக்கா,

பனி தள்ளும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனதை இங்கே ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் சொன்னேன். பனியையே பார்க்காத பசங்கள், நம்பவில்லை. "அறுபத்திரண்டு வயசு, எங்க அக்கா" என்றேன். ஆறு வருஷத்தில் உன்னைப் பற்றி நான் யாரிடமும் பேசினது அதுதான் முதல் தடவை.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாளியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொள்ளக் கை வரவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு. மரக்கட்டையை ஒற்றைக் கையில் தூக்கி லாரியில் போடுவாரே.

ஜூனில் எனக்கு இரண்டு வாரம் லீவு இருக்கிறது. சாலை காய்ந்த பிறகு வரலாமா என்று யோசிக்கிறேன். அவரிடம் கேள். வேண்டாம் என்றால் ஹான்காக்கில் தங்கிக்கொள்கிறேன், மெஷினுக்கு வரும்போது அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நாலு மணி நேரம் அவரால் எழுந்து ஓட முடியாதுதானே.

கியர் எண்ணெயை மாற்றும் நேரம் வந்திருக்கும், பார்.

ரெய்னோ


பெல்கோலா
ஜனவரி 21, 1997

ரெய்னோ,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். போனை எடுத்தேன், பாதி எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன்.

நேற்று திங்கட்கிழமை. பத்து நாளைக்குப் பிறகு வானம் தெளிந்திருந்தது. சாலை கருங்கல் மாதிரி காய்ந்து கிடந்தது, நட்சத்திரம் கூடத் தெரிந்தது. வண்டியைச் சூடாக்கிவிட்டு உள்ளே வந்தால் ஓனி பூட்ஸ் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வேணாம் ஹில்மா" என்றார்.

"பனியே இல்லையே. ரோடு பளிச்சுன்னு இருக்கு."

"அதான் சொல்றேன். பனி இருந்தா நான் வாயைத் தொறந்து சொல்ல வேண்டியிருக்காது."

எனக்குப் புரியவில்லை. பூட்ஸை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். என் கையிலிருந்து அதை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு சொன்னார். ஆர்வோ விழுந்த அன்று அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். வேன் நிற்கும், பனி விழும், சாலை மூடும், அதோடு எல்லாம் தானாக முடியும் என்று நினைத்தாராம். போதும் என்று நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், யார் மேலும் பழி இல்லை என்றார். "நீ போயி வண்டி தேட ஆரம்பிச்ச. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பச்சைன்னேன், நாய் நாத்தம்னேன். நீ கேக்கல."

நான் தரையிலிருந்த பூட்ஸை மறுபடி கையில் எடுத்தேன்.

"ஒரு நாளாவது அது நிக்கும்னு பாத்தேன் ஹில்மா. அந்த ரெண்டடிப் பனியில கூட நிக்கல. உன் தம்பி நல்லாத்தான் பாத்துச் சொல்லியிருக்கான். அவன் வேலையில குத்தமே சொல்ல முடியாது. அதான் என் கஷ்டம்."

இதை நீ ஆறு வருஷம் காத்திருந்து கேட்க வேண்டியிருந்தது. இப்படிக் கேட்க வேண்டியிருக்கும் என்று நாம் இரண்டு பேரும் நினைக்கவில்லை.

கெஞ்சினேன். திட்டினேன். இன்று ஒரு நாள் மட்டும் போய்விட்டு வரலாம், புதன்கிழமை யோசிக்கலாம் என்றேன். என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, போய் அணைக்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. பெட்ரோல் பாதிக்கு மேல் எரிந்துபோயிற்று. ஹான்காக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தாள், அவரே எடுத்துப் பேசினார், நன்றி சொன்னார். டாக்டர் சாயங்காலம் பேசினார். அவர் சொன்னது பத்து நாள், அதிலும் கடைசி நாட்களில் தூக்கம்தான் அதிகம் இருக்குமாம். இப்போது ஓனி உப்புப் போட்ட மீனும் உருளைக்கிழங்கும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது கோப்பைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒரு தெளிவு. என்னால் தாங்கிப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதமாக யாருக்காக ஓட்டினேன் ரெய்னோ? அவருக்காக என்றுதான் நினைத்தேன். வாந்தி எடுத்துக்கொண்டு வருகிற மனுஷனிடம், பார், எப்படிப் போகிறது வண்டி என்று பெருமை பேசினேன். தனியாகிவிடுவேனே என்ற பயத்தில் அவரை மேடு மேடாக இழுத்துப் போயிருக்கிறேன். அவர் ஜன்னலில் நின்றதெல்லாம் சாலை மூடியிருக்காதா என்று பார்க்கத்தான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜூன் வரை அவருக்கு நாள் இல்லை. நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். "வந்தா வரட்டும், வாசல்ல நிக்க வேணாம், உள்ள வரச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை அங்கே பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஹான்காக்கில் இறங்கலாம். நான் அங்கே நிற்பேன். உன்னால் வர முடியாவிட்டாலும் நிற்பேன். திங்கட்கிழமை நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும், ஐந்தரைக்கு எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போயாக வேண்டும்.

ஹில்மா